தட்டுப்பாட்டுக் காலத்துக்கு வீட்டில் என்ன வைத்திருப்பது? இலங்கைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் வரிசைகளில் நின்றவர்களுக்கு இந்தப் பக்கத்தின் தேவையை விளக்க வேண்டியதில்லை. அரசியல் கலங்கும்போதும் டொலர் ஏறும்போதும் வீட்டை எப்படித் தயாராக வைத்திருப்பது என்று பலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. கையிருப்பைச் சேர்க்க வேண்டிய காலம் கடைகள் நிறைந்திருக்கும் அமைதியான காலம். வரிசை தொடங்கிய பிறகு அள்ளி வாங்குவதை எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2022 கடந்துபோய்விட்டதே. இன்னும் ஏன் அதைப் பற்றிப் பேச வேண்டும்?

அது முதல் தடவை வந்ததல்ல என்பதால்தான். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். பாணுக்கு விடியற்காலையில் வரிசை, சீனிக்குக் கூப்பன். 1990களில், போர்க்காலத்தில், வடக்கின் மீது பொருளாதாரத் தடை. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியான ஏ9 வீதி மூடப்பட்டதும் யாழ்ப்பாணக் குடாநாடு கப்பலை நம்பி இருந்தது. பிறகு 2022. காரணங்கள் வேறு வேறாக இருந்தாலும் வீட்டுச் சமையலறையில் நடந்தது ஏறக்குறைய ஒன்றுதான்: காசு கையில் இருந்தும் சாமான் கிடைக்கவில்லை. எங்கள் மூன்று தலைமுறைகளும் இதைப் பார்த்துவிட்டன. அடுத்த தலைமுறை பார்க்காது என்று எண்ணுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எந்தச் சாமான் முதலில் இல்லாமல் போகும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

பெருமளவு முடியும். கப்பலில் வருவது எது என்று பாருங்கள். நாட்டிடம் டொலர் இல்லாமல் போகும்போது துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குப் பணம் கட்ட முடியாது. அந்தக் கப்பலில் இருப்பதுதான் முதலில் கடையிலிருந்து மறையும்.

2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 12.5 கிலோ லிட்ரோ எரிவாயு சிலிண்டரின் விலை 1,493 ரூபாய். அந்த மாதமே 2,750 ஆனது. 2022 ஏப்ரலில் 4,860. அதுவும் விலைப்பட்டியலில் மட்டும். கடைக்குப் போனால் வெற்றுச் சிலிண்டர்களின் வரிசைதான் இருந்தது. 400 கிராம் பால்மா பொதி ஆறு மாதத்துக்குள் 380 ரூபாயிலிருந்து 790 ஆனது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. எரிவாயு, பால்மா, கடதாசி மூன்றும் கடல் கடந்து வருபவை. மைசூர்ப் பருப்பு, கோதுமை மா, சீனி, பெற்றோல், மருந்து ஆகியவையும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன.

அரிசி நம் மண்ணில் விளைவதுதானே என்று கேட்கலாம். 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்கள். அடுத்து வந்த பெரும்போக விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. நெல் விளையும் நாடு அரிசியை இறக்குமதி செய்தது. ஆகவே உள்ளூர்ப் பொருள் என்றால் அதற்குப் பின்னால் இருக்கும் உரம், டீசல், பொதியிடும் பை எங்கிருந்து வருகின்றன என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். அரிசிக்குத் தட்டுப்பாடு பால்மாவைவிடப் பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது.

சேர்த்து வைப்பதும் பதுக்கல்தானே? சட்டப்படி பிரச்சினை வருமா?

2021 ஓகஸ்ட் இறுதியில் அத்தியாவசிய உணவுப் பொருட்களுக்காக அவசரகாலச் சட்டவிதிகள் கொண்டுவரப்பட்டன. அதிகாரிகள் களஞ்சியங்களுக்குப் போய்ச் சீனி, நெல், அரிசி இருப்புகளைக் கைப்பற்றினார்கள். குறிவைக்கப்பட்டவர்கள் வியாபாரிகளும் ஆலைக்காரர்களும். நுகர்வோர் அதிகார சபையின் சட்டமும் விற்பதற்கு வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லும் வியாபாரியைத்தான் பிடிக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒன்றரை மாத அரிசி வைத்திருப்பது பதுக்கல் ஆகாது.

ஆனால் சட்டத்துக்கு அப்பால் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். கடையில் இருபது பால்மாப் பொதி இருக்கும் நாளில் நீங்கள் ஒன்று கூடுதலாக எடுத்தால், மறுநாள் கடைக்காரர் மேலும் இருபது எடுத்து வைப்பார், யாருக்கும் இழப்பில்லை. கடையில் ஐந்தே பொதி மிஞ்சியிருக்கும் நாளில் மூன்றை எடுத்தால், பின்னால் நிற்கும் இரண்டு பிள்ளைகளின் தேநீரை நீங்கள் கொண்டுபோகிறீர்கள். வரிசை தொடங்கிவிட்டால் அன்றன்றைய தேவைக்கு மட்டும் வாங்குங்கள். முன்பே சேர்த்த கையிருப்பு இருந்தால், அந்த வரிசைக்கே போகாமல் இருப்பதுதான் நீங்கள் அயலுக்குச் செய்யும் பெரிய உதவி.

எத்தனை நாளுக்கு வைத்திருக்க வேண்டும்?

முதலில் இரண்டு வாரம். அது கைகூடிய பிறகு ஆறு வாரம். அதற்கு மேல் தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு வருடத்துக்கு வாங்கி வைப்பவர்களின் சாமானில் ஒரு பகுதி வண்டுக்கும் எலிக்கும் போகிறது. எங்கள் வெப்பமும் ஈரமும் அப்படி.

சோற்றை முதன்மையாகச் சாப்பிடும் வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 250 முதல் 300 கிராம் அரிசி போகும். நான்கு பேருக்கு ஆறு வாரத்துக்கு ஏறத்தாழ 42 முதல் 50 கிலோ. பருப்பு 6 கிலோ, சீனி 5 கிலோ, தேங்காய் எண்ணெய் 4 லீற்றர், உப்பு 2 கிலோ, செத்தல் மிளகாய் ஒரு கிலோ, தேயிலை ஒரு கிலோ போதும். இதோடு நெத்தலிக் கருவாடும் சில டின் மீனும். இது என் கணக்கு. பாண் அதிகம் சாப்பிடும் வீடு, பிட்டு அவிக்கும் வீடு என்று உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். ஒரு மாதம் நீங்கள் வாங்கும் சாமானை ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். அதைவிடச் சரியான பட்டியல் வேறெவரிடமும் கிடைக்காது. வழக்கமாகச் சாப்பிடாத எதையும் வாங்காதீர்கள்.

நாட்கூலியில் ஓடும் குடும்பம். கூடுதலாக வாங்கப் பணம் எங்கே?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இதைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் ஆலோசனைகள் மீது எனக்குக் கோபம் உண்டு.

பெரிய தொகை வேண்டாம். வாரத்தில் ஒரு பொருள் மட்டும்: இந்த வாரம் அரைக் கிலோ பருப்பு, அடுத்த வாரம் ஒரு சவர்க்காரம், அதற்கடுத்த வாரம் உப்பும் தீப்பெட்டியும். மூன்று நான்கு மாதத்தில் இரண்டு வாரக் கையிருப்பு சேர்ந்துவிடும். மலிவானவற்றில் தொடங்குங்கள். உப்பும் தீப்பெட்டியும் கெடாதவை, விலையும் குறைவு, இல்லாத நாளில் அடுப்பே எரியாது.

மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு மூட்டை அரிசி வாங்கிப் பங்கிடுவது நல்ல வழி. அறுவடை முடிந்த கையோடு வன்னியிலோ மட்டக்களப்பிலோ நெல்லாகவே வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. சாமான் வாங்குவதற்காக வட்டிக்குக் கடன் எடுக்கவே வேண்டாம். நுண்கடன் கட்ட முடியாமல் நொந்த பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளம். அந்தச் சுமைக்கு முன்னால் பருப்புத் தட்டுப்பாடு சிறியது.

அரிசியில் வண்டு பிடிக்கிறது. எப்படி வைப்பது?

வண்டு பெரும்பாலும் கடையிலிருந்தே வருகிறது. முட்டை அரிசி மணிக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே புதிதாக வாங்கியதைப் பழையதன் மேல் கொட்டாதீர்கள். ஐந்து கிலோ போலச் சிறிய அளவென்றால், இறுக்கக் கட்டி உறைபெட்டியில் நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டை செத்துவிடும். எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் ஈரம் கோக்கும்.

பெரிய அளவுக்கு மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளியோ தகரப் பீப்பாயோ போதும். உள்ளே ஈரத்துணியால் துடைத்து ஒருநாள் முழுக்க வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அடியில் நிழலில் உலர்த்திய வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து வையுங்கள். அரிசியைக் கழுத்துவரை நிரப்பி, மேலே சில செத்தல் மிளகாயைப் போட்டு மூடுங்கள். வெறும் இடம் குறையக் குறைய வண்டுக்குக் காற்றும் குறையும். வாளியை நிலத்தில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மூடியில் வாங்கிய திகதியை எழுதி ஒட்டுங்கள்.

நீண்டநாள் இருப்புக்குப் புழுங்கலரிசி நல்லது. தவிடு நீக்காத சிவப்புப் பச்சையரிசியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் சில மாதத்தில் சிக்கு மணம் வந்துவிடும். அதை அளவாக வாங்குங்கள். ஒரு கடும் எச்சரிக்கை: களஞ்சியங்களில் போடும் பூச்சிக்கொல்லிக் குளிகைகளை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அவற்றிலிருந்து எழும் வாயு தூங்கும் மனிதரைக் கொல்லும்.

மற்றச் சாமான்கள் எவ்வளவு காலம் தாங்கும்?

உப்பும் சீனியும் ஈரம் படாதவரை கெடாது. பருப்பு, கடலை, பயறு ஆறு மாதம் முதல் ஒரு வருடம். கோதுமை மா எங்கள் காலநிலையில் இரண்டு மூன்று மாதம்தான். அரிசிமாவை நன்றாக வறுத்து ஆறவிட்டுப் போத்தலில் அடைத்தால் பச்சைமாவைவிட நெடுநாள் இருக்கும். தேங்காய் எண்ணெயை வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

எரிவாயு இல்லாமல் போனால்?

2022இல் அரிசி இருந்த வீடுகளிலும் உலை வைக்க முடியாத நாட்கள் இருந்தன. மாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் படாத பாடு பட்டார்கள். வசதி இருந்தால் இரண்டாவது சிலிண்டர் ஒன்றை வாங்கி வையுங்கள்; ஒன்று தீர்ந்த அன்றே அதை நிரப்பக் கொடுத்துவிடுவதைப் பழக்கமாக்குங்கள். மீதி எவ்வளவு என்று அறிய ஒரு வழி: சிலிண்டரின் கழுத்துப் பகுதியில் வெற்று எடை பொறிக்கப்பட்டிருக்கும். தராசில் நிறுத்து அந்த எண்ணைக் கழித்தால் உள்ளே இருப்பது தெரியும்.

அதோடு எரிவாயு வேண்டாத ஓர் அடுப்பும் இருக்கட்டும். முற்றம் உள்ள வீட்டில் விறகடுப்பு; உமியும் மரத்தூளும் கிடைக்கும் ஊரில் தூள் அடுப்பு. பனையோலை, மட்டை, பன்னாடை, சிரட்டை, பொச்சு எல்லாவற்றையும் மழைக்கு முன் கூரைக்குக் கீழே சேர்த்துவிடுங்கள். மார்கழி மழையில் நனைந்த விறகால் எந்தப் பயனும் இல்லை. கரியடுப்பையோ விறகடுப்பையோ பூட்டிய அறைக்குள் எரிக்க வேண்டாம். 2021 இறுதியில் எரிவாயுக் கலவையை மாற்றியதால் நாடெங்கும் அடுப்புகள் வெடித்ததை மறந்துவிடாதீர்கள்: குழாயையும் ரெகுலேட்டரையும் அவ்வப்போது சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள், குமிழி எழுந்தால் கசிவு.

பெற்றோல் சேர்த்து வைக்கலாமா?

வேண்டாம். 2022இல் வீட்டுக்குள் கேன்களில் வைத்த பெற்றோல் பற்றி எரிந்து உயிர்கள் போயின. மிதிவண்டியைத் திருத்தி வையுங்கள், அது போதும். அந்த ஆண்டு ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. வேலைக்குப் போனவர்கள் பலர் மிதிவண்டிக்கு மாறினார்கள்.

மின்வெட்டு, தண்ணீர்?

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. மோட்டார் ஓடாவிட்டால் குழாய்க்கிணறு இருந்தும் பயனில்லை. திறந்த கிணறு உள்ளவர்கள் கப்பியையும் கயிற்றையும் வாளியையும் கைவிடாதீர்கள். மற்றவர்கள் குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் வீதம் மூன்று நாளுக்காவது மூடிய பாத்திரத்தில் வையுங்கள். சூரிய ஒளியில் ஏறும் சிறிய விளக்கு ஒன்று படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் கட்டாயம் வேண்டும்.

அம்மா இன்சுலின் போடுகிறார், அப்பாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை. மருந்தை எப்படிச் சேர்ப்பது?

மருந்து கிடைக்காத வேதனைக்கு முன்னால் மற்றத் தட்டுப்பாடுகள் ஒன்றுமில்லை. அன்றாடம் எடுக்கும் மாத்திரைகளில் ஒரு மாதம் கூடுதலாக இருக்கும்படி வைத்தியரிடம் நேரடியாகக் கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் பலர் எழுதிக் கொடுப்பார்கள். காலாவதி முதலில் வருவதை முதலில் எடுங்கள். மருந்தின் வணிகப் பெயரோடு உள்ளிருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: பழகிய நிறுவனத்தின் மாத்திரை இல்லாதபோது அதே மருந்தை வேறு பெயரில் வாங்க அந்தத் தாள் உதவும். தட்டுப்பாட்டுக்குப் பயந்து மாத்திரையைப் பாதியாக உடைத்து எடுப்பதை வைத்தியரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசில், அதாவது குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. பாவனையில் இருக்கும் குப்பி பொதுவாக ஏறத்தாழ நான்கு வாரம் அறை வெப்பத்தில் தாங்கும், ஆனால் எங்கள் சித்திரை வெயிலை அறை வெப்பம் என்று சொல்ல முடியாது. குப்பியைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு வழி: பெரிய மண்சட்டிக்குள் சிறிய மண்சட்டி, அதற்குள் குப்பி, இரண்டு சட்டிக்கும் இடையில் ஈரமணல், மேலே ஈரத்துணி; நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்து மணல் காயாமல் பாருங்கள். உறையில் உள்ள குறிப்பையும் படியுங்கள்.

பால்மா இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு?

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும், அதற்குப் பின்னும் தொடரலாம். தாய்ப்பால் கொடுக்க முடியாத கைக்குழந்தை இருந்தால், அந்தக் குழந்தைக்குரிய மா மட்டும் மூன்று நான்கு பொதி எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். பெரியவர்கள் வெறுந்தேநீருக்கு மாறலாம், நாடே மாறியது.

சவர்க்காரம், சானிட்டரி நாப்கின் போன்றவை?

பட்டியல் எழுதும் ஆண்கள் வழக்கமாக விட்டுவிடும் வரி இது. மூன்று மாதத் தேவையை வாங்கி வையுங்கள், கெட்டுப்போகாது. துவைத்துப் பாவிக்கும் பருத்தித் துணி அணையாடைகளும் சில இருக்கட்டும்.

பணத்தை வங்கியில் வைப்பதா, சாமானாக மாற்றுவதா, நகை வாங்குவதா?

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் 360. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களில் 94.9 வீதம். வங்கியில் கிடந்த சேமிப்பின் வலு ஏறத்தாழப் பாதியாகக் கரைந்தது. அந்த வகையில் உண்ணப்போகும் அரிசியும் பருப்பும் நல்ல முதலீடே. ஆனால் ஆறு வாரத்துக்கு மேல் சாமானில் பணத்தை முடக்காதீர்கள். ஒரு வாரச் செலவுக்குப் பணம் தாளாகக் கையில் இருக்கட்டும். மின்சாரம் இல்லாதபோது ஏடிஎம் வேலை செய்யாது. நகையைத் தட்டுப்பாட்டின் நடுவில் விற்கப் போனால் அவசரத்தைப் பார்த்து விலை பேசுவார்கள்.

வெளிநாட்டில் இருக்கிறோம். ஊரில் உள்ளவர்களுக்குப் பொதி அனுப்புவதா, பணமா?

மருந்தும் குழந்தை உணவும் பொதியாக. மற்றதெல்லாம் பணமாக, வங்கி வழியாக. வங்கி வழியாக வரும் டொலரில்தான் கப்பலுக்குக் கட்டணம் போகிறது. பொதி வந்துசேர வாரக்கணக்காகும் என்பதால் வரிசை தொடங்கிய பிறகு அனுப்புவது பயன்படாது. 2022 மே மாதத்தில் தமிழ்நாட்டு அரசு சென்னையிலிருந்து அனுப்பிய கப்பலில் 9,000 தொன் அரிசி, 200 தொன் பால்மா, மருந்துகள் வந்தன, பலருக்கும் கைகொடுத்தன. ஆனால் கஷ்டம் தொடங்கிச் சில மாதங்கள் சென்ற பிறகே எந்தக் கப்பலும் வரும். அந்த இடைவெளியை நிரப்பவே வீட்டுக் கையிருப்பு.

தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தவர் எப்படிச் சமாளித்தார்கள்?

1990களில் மின்சாரம் கிடையாது, எரிபொருள், பற்றரி, இன்னும் பல பொருட்களுக்குத் தடை. மண்ணெண்ணெய் பொன்போல் விலை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியில் சுடர் ஏற்றினார்கள். அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். சில துளி பெற்றோலில் கிளப்பிய மோட்டார் சைக்கிள் பிறகு மண்ணெண்ணெயில் ஓடியது. மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள்.

உணவில் அவர்களுக்குப் பனை துணை நின்றது. கிழங்கைக் கிழித்துக் காயவைத்த ஒடியல், அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், பழக்களியைப் பாயில் ஊற்றி வெயிலில் உலர்த்திய பனாட்டு. மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், கருவாடு, ஊறுகாய் எல்லாம் அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டியும் கப்பலும் தேவைப்படாத கையிருப்பு இது. இதைச் செய்யத் தெரிந்த அம்மம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள்; வரும் கோடையில் அவர்களோடு உட்கார்ந்து ஒரு பாய் வடகம் போடுங்கள். ஒடியல் மாவைக் கூழுக்குப் பாவிக்கும்போது ஊறவைத்துத் தண்ணீரை வடித்த பிறகே சேர்க்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லித் தருவார்கள்.

வீட்டுத் தோட்டம் உண்மையில் உதவுமா?

சோற்றுக்கு உதவாது, கறிக்கு உதவும். 2022 ஜூனில் பயிர் செய்யச் சொல்லி அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். பசி வந்த பிறகு நட்ட விதை எப்போது காய்க்கும்? முருங்கை, கறிவேப்பிலை, மரவள்ளி, வாழை, பப்பாசி ஆகியவற்றை இப்போதே வையுங்கள். பலா வைக்க இடம் இருந்தால் பிள்ளைகளுக்காக வையுங்கள்.

அயலவர் வந்து கேட்டால்?

கொடுங்கள். முதல் கணக்கிலேயே ஒரு வீட்டுக்குரிய ஒரு வார அரிசியைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டால் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியிருக்காது. தனியாக இருக்கும் முதியவர், கைக்குழந்தை உள்ள வீடு, நாட்கூலி நின்றுபோன வீடு எவை என்று இன்றே தெரிந்து வைத்திருங்கள். கேட்கக் கூச்சப்படுபவர்கள்தான் அதிகம் பட்டினி கிடப்பார்கள்.

நிலைமை சீரான பிறகு மீதியை என்ன செய்வது?

சாப்பிடுங்கள். பழைய திகதி உள்ளதை முன்வரிசைக்கு எடுத்துச் சமையுங்கள், புதியதைப் பின்னால் வையுங்கள். காலாவதிக்கு ஒரு மாதம் இருக்கும் திறக்காத பொதிகளைக் கோயில் அன்னதானத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ கொடுக்கலாம். 2022 ஓகஸ்டில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 246 ரூபாய் குறைந்தபோது முன்பே நிரப்பியதை எண்ணி வருந்தியவர்கள் இருந்தார்கள். வருந்தத் தேவையில்லை, விலை இறங்கும் அந்த வாரமே வெற்றுச் சிலிண்டரை எடுத்துக்கொண்டு போய் நிரப்பி வாருங்கள்.